சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது, ஸ்ட்ரெஸ் டெஸ்டில் நன்றாக ஓடுகிறது: மதர்போர்டு போய்விட்டதா?

#1 · அம்மாபேட்டை_தறி

எல்லோருக்கும் வணக்கம். மதர்போர்டை மாற்றியே ஆக வேண்டும் என்று சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். காசைப் போடுவதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

சிஸ்டம் வீட்டில் நாங்களே மாட்டியது. ரைசன் 5 5600, சாதாரண பி450 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு (வேகம் 3600, தாமத எண் சிஎல்18), 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). பகலில் சேலை டிசைன் வேலை. பார்டர், முந்தி எல்லாம் ஜக்கார்டுக்குத் தகுந்தபடி கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். ராத்திரியில் தம்பி கேம் விளையாடுவான்.

பயாஸில் (போர்டின் உள் செட்டிங்) எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டுவது) ஆன், பிபிஓ (பிராசசரின் பவர் வரம்பைத் தளர்த்துவது) ஆன். வோல்டேஜைக் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசர் எல்லா கோருக்கும் மைனஸ் 30. பூஸ்ட் 200 மெகாஹெர்ட்ஸ் கூடுதல். இப்படி வைத்தால் வேகத்தை அளக்கிற சினிபெஞ்ச் ஸ்கோர் நன்றாக ஏறுகிறது. ஸ்ட்ரெஸ் டெஸ்டான ஓசிசிடியை ஒரு மணி நேரம் ஓட்டினாலும் அசையவில்லை. ஆனால் டிசைனைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், வந்து பார்க்கும்போது லாகின் ஸ்கிரீன் நிற்கிறது. தானே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. சேமிக்காத வேலை போச்சு.

இதோடு இன்னும் இரண்டு தொல்லை. காலையில் முதல் தடவை போடும்போது போர்டில் ‘டிராம்’ என்று எழுதிய இடத்தில் லைட் எரிந்து அப்படியே நின்றுவிடும். ஆஃப் செய்து ஆஃப் செய்து போட்டால் வரும். அப்புறம், கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறது. வெறுங்காலோடு நின்றால் இன்னும் அதிகம்.

போர்டுதான் போய்விட்டதா?

#2 · ராம்_பைத்தியம்

ராம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது நண்பா? பிராசசரிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். இரண்டாவதிலும் நாலாவதிலும் இருக்க வேண்டும். ஒன்றிலும் மூன்றிலும் இருந்தால் காலையில் அந்த லைட் எரிவதில் ஆச்சரியமே இல்லை.

சரியான ஸ்லாட்டில் இருந்தும் இப்படி என்றால் டிராம் வோல்டேஜை 1.35இலிருந்து 1.40 ஆக்கிப் பாருங்கள். அதில் ஒன்றும் ஆகிவிடாது.

#3 · சேவாப்பேட்டை_சால்டர்

தம்பி, போர்டு போகவில்லை. போன போர்டு ஒரு மணி நேரம் ஓசிசிடியில் நிற்காது. அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். ராம்_பைத்தியம் சொன்னபடி வோல்டேஜையும் இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். ஸ்லாட்டை மட்டும் பாருங்கள்.

நீங்கள் சொன்னது மூன்று தனித்தனிக் கோளாறு. சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட், காலையில் ராம் லைட், கேபினட்டில் ஷாக். மூன்றும் ஒரே பெட்டியில் நடப்பதால் ஒரே காரணம் என்று தோன்றும். அப்படி நினைத்துத்தான் பல பேர் நல்ல போர்டைத் தூக்கிப் போடுகிறார்கள். எனக்குச் சர்வீஸுக்கு வருகிற சிஸ்டங்களில் ‘போர்டு அவுட்’ என்று எழுதி வருவதில் பாதி, பயாஸை ரீசெட் செய்ததுமே எழுந்து உட்காருகிறது.

முதலில் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். இப்போதைய பயாஸ் பக்கங்களைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கிற சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கெப்பாசிட்டரில் தங்கியிருக்கிற கரண்ட் வடிந்துவிடும். போர்டின் கீழ் ஓரத்தில் சிமாஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்கை அழிப்பது) என்று இரண்டு பின் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டையும் சேர்த்துப் பத்து நொடி தொட்டால் போதும். அது கைக்கு எட்டாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து மாட்டுங்கள். கழற்றும்போது மல்டிமீட்டரில் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். புதுசு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும்.

ரீசெட் செய்த பிறகு முதல் தடவை ஸ்கிரீன் வர நேரம் ஆகும். ராமைப் புதிதாகப் பழக்கிக்கொண்டிருக்கும். கறுப்பாக இருக்கிறதே என்று பயந்து பாதியில் ஆஃப் செய்யாதீர்கள்.

அடுத்து விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் லாகைப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆன நேரத்தில் கெர்னல் பவர் 41 இருக்கும். அது “திடீரென்று நின்றது” என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதன் பக்கத்தில் டபிள்யூஎச்இஏ லாகர் (ஹார்டுவேர் பிழையைப் பதிவது) என்று ஒரு வரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இருந்தால் பிராசசர் தானே தவறு கண்டு நிறுத்தியிருக்கிறது. இல்லாமல் 41 மட்டும் இருந்தால் கரண்ட், எஸ்எம்பிஎஸ் பக்கம் தேட வேண்டும். அந்த வரியை அப்படியே இங்கே போடுங்கள்.

#4 · ஓய்வு_வயர்மேன்

கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சுருக்கு என் துறை. அதை முதலில் பாருங்கள் தம்பி, மற்றதெல்லாம் அப்புறம்.

எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸிலிருந்து ஒரு சின்ன கெப்பாசிட்டரும் நியூட்ரலிலிருந்து ஒன்றும் இரும்பு பாடிக்குப் போகும். கரண்ட் வழியாக வருகிற இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிட வைத்த ஏற்பாடு அது. எர்த் சரியாக இருந்தால் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. எர்த் இல்லையென்றால் பாடி நடுவில் தொங்கும். 230க்குப் பாதி, சுமார் 115 வோல்ட் மல்டிமீட்டரில் காட்டும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் டிவியின் எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் போர்ட் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸ் ஒருநாள் பாடியில் பட்டுவிட்டால் ஃபியூஸ் போகாது, தொடுகிற ஆளுக்குத்தான் முழுக் கரண்டும்.

உங்கள் பகுதியில் பழைய வீடுகள் நிறைய. பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்கு வயரே வந்திருக்காது. ஆள் வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும். மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும்.

ஒன்று மட்டும் யாரும் செய்யக்கூடாது. எர்த் இல்லையே என்று பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். சுருக்கு நின்றுவிடும், உண்மைதான். ஆனால் எங்காவது நியூட்ரல் கட் ஆனால் உங்கள் கேபினட் முழுக்க 230. அதைச் செய்துதருகிறேன் என்று யார் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

#5 · அம்மாபேட்டை_தறி

எல்லோருக்கும் நன்றி. பார்த்ததை எழுதுகிறேன்.

ராம் ஒன்றிலும் மூன்றிலும்தான் இருந்தது. இரண்டு, நாலுக்கு மாற்றிவிட்டேன். பயாஸை ரீசெட் செய்தேன். பேட்டரி நன்றாக இருக்கிறது.

லாகில் டபிள்யூஎச்இஏ லாகர் 18 நிறைய இருக்கிறது. உள்ளே “கேஷ் ஹையரார்க்கி எர்ரர்” என்றும், “பிராசசர் ஏபிஐசி ஐடி” என்று ஒரு எண்ணும் போட்டிருக்கிறது. பெரும்பாலும் 4 அல்லது 5. சில இடத்தில் 8. இவை இல்லாமல் வெறும் 41 மட்டும் சில இருக்கின்றன, அதெல்லாம் காலை நேரம்.

டீஃபால்ட்டில் விட்டதிலிருந்து தானாக ரீஸ்டார்ட் ஆகவில்லை. காலையில் டிராம் லைட் எரிந்து நின்றுவிடுவதும் இல்லை. ஆனால் சினிபெஞ்ச் ஸ்கோர் கீழே வந்துவிட்டது. பழைய வேகத்தில் ஓட்ட வழியே இல்லையா? எனக்குப் புரியாதது ஒன்றுதான். அவ்வளவு கனமான டெஸ்டில் நிற்கிற பிராசசர், ஒரு வேலையும் இல்லாதபோது ஏன் விழுகிறது?

#6 · ஏற்காட்டுக்காரி

வழி இருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பதில் தெரிந்தால் வழியும் தானே தெரிந்துவிடும். ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன், என்னிடமும் இதே 5600தான்.

ஓசிசிடி ஓட்டும்போது ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும். வாட்டேஜுக்கும் சூட்டுக்கும் ஒரு வரம்பு இருப்பதால் யாரும் உச்ச வேகத்துக்குப் போக முடியாது. சும்மா இருக்கும்போது நடப்பது வேறு. ஐந்து கோர் தூங்கும். ஏதோ ஒரு சின்ன வேலைக்காக ஒரு கோர் விழித்து, தடுக்க யாரும் இல்லாததால் நேராக உச்சிக்குத் தாவும். இந்தச் சிப்புக்குக் கம்பெனி சொல்லும் பூஸ்ட் 4.4 கிகாஹெர்ட்ஸ். நீங்கள் அதற்கு மேல் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டியிருக்கிறீர்கள். அந்த உச்சியில் நிற்க அதிக வோல்டேஜ் வேண்டும். அதே இடத்தில் கர்வ் ஆப்டிமைசர் வோல்டேஜைப் பிடுங்குகிறது. ஒரு படிக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். 30 படி என்றால் 90 முதல் 150 மில்லிவோல்ட் குறைகிறது. கேட்பது அதிகம், கொடுப்பது குறைவு. அந்தத் தாவலில் கோர் தடுமாறுகிறது.

அதனால்தான் கர்வ் ஆப்டிமைசருக்கு எல்லா கோரையும் சேர்த்து அடிக்கிற டெஸ்ட் பயன்படாது. கோர்சைக்ளர் என்று இலவச ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோராக எடுத்து அதை மட்டும் பிரைம்95 கொண்டு சோதிக்கும். எஸ்எஸ்இ என்கிற முறையில் ஓட்டுங்கள். அதில் சூடு குறைவு, அதனால் கோர் உச்ச வேகத்திலேயே இருக்கும். ராத்திரி ஓட விட்டுவிட்டுப் படுத்தால் எந்தக் கோர் எந்த நேரத்தில் தவறியது என்று காலையில் லாகில் இருக்கும்.

இன்னொரு நல்ல செய்தி, எந்தக் கோர் என்று உங்கள் விண்டோஸே சொல்லிவிட்டது. 5600இல் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட், ஆகவே இரண்டு ஐடி. 0, 1 என்றால் கோர் 0. 2, 3 என்றால் கோர் 1. உங்கள் 4, 5 என்பது கோர் 2. எட்டு என்பது கோர் 4. மற்ற நாலு கோரும் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. கோர் 2ஐ மைனஸ் 10க்கும் கோர் 4ஐ மைனஸ் 15க்கும் கொண்டு வாருங்கள், மற்றவை மைனஸ் 20. பூஸ்ட் கூடுதலை முதலில் பூஜ்யத்தில் வைத்து ஆரம்பியுங்கள். கம்பெனியிலிருந்தே நல்ல கோர் என்று பெயர் வாங்கி வந்தவற்றுக்கு வோல்டேஜ் ஏற்கெனவே இறுக்கிக் கொடுக்கப்பட்டிருக்கும். அதில் மேலும் குறைக்க இடம் கொஞ்சம்தான். ரைசன் மாஸ்டரில் நட்சத்திரக் குறி எந்தக் கோரில் இருக்கிறது என்று பாருங்கள், கோர் 2 அதில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

#7 · ராம்_பைத்தியம்

அக்கா சொல்வது சரி, ஆனால் ராத்திரியெல்லாம் கோர் கோராக டெஸ்ட் செய்வதற்குப் பதில் நேரடியாக ஆல் கோர் 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட் என்று ஃபிக்ஸ் செய்துவிட்டால் வேலை முடிந்தது. தாவலும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

#8 · ஏற்காட்டுக்காரி

வீடியோ ரெண்டர் மட்டுமே செய்கிற சிஸ்டத்துக்கு அது பொருந்தும் தம்பி. இவருக்குப் பொருந்தாது. டிசைன் சாஃப்ட்வேரில் பெரும்பாலான வேலை ஒரு கோரில்தான் நடக்கும். கோடு இழுக்கும்போது கை வேகத்துக்குத் திரை வர வேண்டும். அதற்கு ஒற்றைக் கோரின் உச்சம்தான் உதவும். ஃபிக்ஸ் செய்தால் அந்த உச்சத்தை இழக்கிறோம். சும்மா இருக்கிற நேரமும் 1.25 வோல்ட் ஏறியே இருக்கும். எந்தச் சிப்புக்கு எந்த வோல்டேஜ் தாங்கும் என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறு. உங்களுடைய எண் அவருடைய சிப்புக்குச் செல்லாது. என்னுடைய எண்ணும்தான். அதனால்தான் டெஸ்ட் செய்யச் சொல்கிறேன்.

#9 · ராம்_பைத்தியம்

ஒற்றைக் கோர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ராம் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஸ்லாட் ஏன் முக்கியம் என்றால், இந்த மாதிரி போர்டுகளில் பிராசசரிலிருந்து வரும் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் முடியும். முடிகிற இடத்தில் ராம் இருந்தால் சிக்னல் அங்கே அடங்கும். முதல் ஸ்லாட்டில் போட்டு இரண்டாவதைக் காலியாக விட்டால், அந்தக் காலி நுனியில் சிக்னல் மோதித் திரும்பி வந்து உண்மையான சிக்னலோடு கலக்கும். 2400 வேகத்தில் தெரியாது. 3600இல் தெரியும்.

இப்போது சரியான ஸ்லாட்டில் இருப்பதால் எக்ஸ்எம்பியைத் திரும்பப் போடலாம். எஃப்கிளாக் (பிராசசருக்குள் இருக்கும் இணைப்பின் வேகம்) 1800 என்று கைமுறையாக வையுங்கள், ராமின் 3600க்கு அதுதான் ஒன்றுக்கு ஒன்று. பிறகு ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு நாலு பாஸ் முழுக்க விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 3200 சிஎல்16க்கு இறங்கிவிடுங்கள். கணக்குப் பார்த்தால் தாமதம் இரண்டுக்கும் சமம். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோசெகண்ட் வரும். 18ஐ 3600க்குப் போட்டாலும் 10, 16ஐ 3200க்குப் போட்டாலும் 10. கொஞ்சம் பேண்ட்விட்த் போகும், அவ்வளவுதான்.

ராம் விஷயத்தில் ‘பரவாயில்லை’ என்ற பேச்சே வேண்டாம். பிராசசர் தவறினால் ரீஸ்டார்ட் ஆகும், உங்களுக்குத் தெரியும். ராம் தவறினால் தெரியாது. டிசைன் ஃபைலில் எங்கோ ஒரு பிட் மாறிச் சேமிக்கப்படும். தறியில் சேலை ஓடும்போதுதான் பூவில் ஒரு இழை தப்பியது கண்ணில் படும்.

#10 · சேவாப்பேட்டை_சால்டர்

கடைசியில் சொன்னதை எல்லோரும் கவனியுங்கள். ராம் டெஸ்ட் முடியாமல் வேலை ஃபைலைத் திறக்கவே கூடாது.

தம்பி, வீட்டில் தறி ஓடுகிறதா, பக்கத்தில் ஓடுகிறதா? கேபினட்டைத் திறந்து கூலரின் ஃபேனைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் தகடுகளைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும்.

போர்டில் பிராசசருக்கு வோல்டேஜ் கொடுக்கிற விஆர்எம் பகுதியையும் பாருங்கள். பிராசசருக்கு இடது பக்கமும் மேலும் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் உருண்டைக் கெப்பாசிட்டர்கள். சில விலை குறைந்த பி450 போர்டுகளில் அதன் மேல் ஹீட்சிங்கே இருக்காது. டீஃபால்ட்டில் உங்கள் பிராசசர் அதிகபட்சம் 76 வாட்தான் எடுக்கும், அதை எந்த போர்டும் தாங்கும். பிபிஓவைத் திறந்து வரம்பை போர்டின் இஷ்டத்துக்கு விட்டால் நிலைமை மாறும். சித்திரை மாதத்தில் அறைக்குள்ளேயே 38 டிகிரி என்றால் கேபினட்டுக்குள் 45க்கு மேல். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. பிபிஓ வரம்பைக் கைமுறையாக பிபிடி (பிராசசர் எடுக்கலாம் என்கிற மொத்த வாட்) 90 வாட் என்று கட்டிவிடுங்கள். அதற்கு மேல் கொடுத்தாலும் இந்தச் சிப்பில் கிடைப்பது சொற்பம், சூடுதான் மிச்சம்.

ஓவர்கிளாக் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். 1998இல் செலரான் 300ஏ வந்தபோது பஸ்ஸை 66இலிருந்து 100 ஆக்கி, 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450இல் ஓட்டிய காலத்து ஆள். அதில் கிடைத்தது ஒன்றரை மடங்கு. இப்போது கம்பெனியே கடைசிச் சொட்டு வரை பிழிந்துதான் அனுப்புகிறது. நமக்கு மிச்சம் இருப்பது நூற்றுக்கு ஐந்து, ஏழு. அந்த ஐந்துக்காக வேலை செய்கிற சிஸ்டத்தின் நம்பகத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

#11 · குகை_பையன்

இழைக்கு நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் 13ஆம் தலைமுறை ஐ7, கே சிப். டீஃபால்ட்டிலேயே கேம் மூடிக்கொள்கிறது. இதே மாதிரி லாக் பார்த்தால் போதுமா?

#12 · சேவாப்பேட்டை_சால்டர்

உங்களுக்கு வேறு கதை தம்பி. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகளில், பெரிய வாட்டேஜ் உள்ளவற்றில், தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுச் சிப் தானே தேய்ந்துபோகிற கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் சின்ன புரோகிராம்) வந்து 1.55 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டியது. அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்தன. உங்கள் போர்டு கம்பெனியின் பக்கத்துக்குப் போய் கடைசி பயாஸைப் போடுங்கள், இன்டெல் டீஃபால்ட் செட்டிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் மூடினால் சிப் ஏற்கெனவே தேய்ந்துபோயிருக்கலாம், பயாஸால் அதைத் திருப்ப முடியாது. வாரண்டியை இன்டெல் இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஏஎம்டி பக்கமும் இப்படி ஒன்று நடந்தது. 2023இல் 7000 வரிசை எக்ஸ்3டி சிப்புகள் சில, போர்டு கொடுத்த எஸ்ஓசி (சிப்பில் ராமைக் கவனிக்கிற பகுதி) வோல்டேஜ் அதிகமாகிச் சாக்கெட்டோடு எரிந்தன. பிறகு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டி பயாஸ் வந்தது. ஓவர்கிளாக் செய்யாமல் வெறும் எக்ஸ்போ (ஏஎம்டியின் எக்ஸ்எம்பி) மட்டும் போட்டவர்களுக்கும் நடந்தது. ஆகவே புது போர்டு வாங்கினால் முதல் வேலை பயாஸ் அப்டேட்தான். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போகக்கூடாது, யூபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள்.

#13 · அம்மாபேட்டை_தறி

சால்டர் அண்ணா, ஃபேனைக் கழற்றிப் பார்த்தேன். போட்டோ போட்டிருக்கிறேன். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் பஞ்சு அப்படியே ஒரு துணி மாதிரி படிந்திருக்கிறது. நகத்தால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் முழுசாக ஒரே துண்டாக உரிந்து வந்தது. சாம்பல் நிறம், நடுவில் ஒன்றிரண்டு ஜரிகைத் துணுக்கு மின்னுகிறது. ஃபேன் இறக்கையில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது, ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

அதை எடுத்த பிறகு சினிபெஞ்ச் ஓட்டும்போது சூடு 11 டிகிரி குறைந்திருக்கிறது. டீஃபால்ட்டிலேயே ஸ்கோர் கொஞ்சம் ஏறிவிட்டது.

மெம்டெஸ்ட் நாலு பாஸும் 3600இல் சுத்தம். கோர்சைக்ளரை ஓட விட்டிருக்கிறேன்.

#14 · சேவாப்பேட்டை_சால்டர்

அந்த ஜரிகைத் துணுக்குக்குத்தான் பயப்பட வேண்டும். அது உலோகம் பூசிய இழையாக இருந்தால் கரண்டைக் கடத்தும். போர்டின் மேல் எங்காவது கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், குறிப்பாக விஆர்எம் பக்கமும் கிராபிக்ஸ் கார்டின் பின்னாலும். பெயின்ட் பிரஷ் கொண்டு மெதுவாகத் தட்டி எடுங்கள். புளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், சுழல விடக்கூடாது. கேபினட்டின் முன்பக்கம் நைலான் வலை ஒன்று கட்டி வாராவாரம் தட்டிவிட்டால் பஞ்சு உள்ளே வராது.

#15 · ஏற்காட்டுக்காரி

11 டிகிரி! அது எந்த பயாஸ் செட்டிங்கிலும் கிடைக்காது.

சூட்டைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் இங்கே மேலே இருந்துகொண்டு டியூன் செய்த சிஸ்டத்தைச் சித்திரையில் சேலத்தில் போட்டால் அதே எண்கள் நிற்கும் என்று நம்பக்கூடாது. எங்கள் ஊர் சுமார் 1500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று வைத்தால், கீழே இருப்பதைவிட எட்டு டிகிரியாவது குளிர்ச்சி. காற்றும் மெலிது, சேலத்தைவிடப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் அடர்த்தி குறைவு. ஃபேன் தள்ளுகிற காற்றில் சத்து கொஞ்சம் குறையும். கூட்டிக் கழித்தால் குளிர்ச்சிதான் ஜெயிக்கிறது.

கீழே கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. கிராபிக்ஸ் கார்டையும் பெரிய கூலரையும் கழற்றித் தனியாக எடுத்துப் போங்கள். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கனம் ஸ்லாட்டை ஒரு பக்கம் இழுக்கும். “மலை இறங்கியதும் டிஸ்பிளே வரவில்லை” என்று கேட்பவர்களுக்குப் பாதி நேரம் கார்டு பாதி வெளியே வந்திருக்கும். அப்புறம், குளிர்ந்த பெட்டியைக் கீழே புழுக்கத்தில் இறக்கியதும் உள்ளே ஈரம் பூக்கும். மூடியைத் திறந்து வைத்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஆன் செய்ய வேண்டும். மேலேயும் மூடுபனி நேரத்தில் ஜன்னல் பக்கம் சிஸ்டம் வைக்காதீர்கள்.

#16 · அம்மாபேட்டை_தறி

எர்த் பார்த்தாயிற்று. வயர்மேன் ஐயா சொன்ன மூன்று அளவும் ஆள் வைத்து எடுத்தோம். ஃபேஸ் நியூட்ரல் 228, ஃபேஸ் எர்த் வெறும் 60 சொச்சம். பிளக்குக்குள் பச்சை வயர் இருந்தது, ஆனால் மெயின் போர்டுப் பக்கம் எதிலும் மாட்டாமல் டேப் சுற்றி விடப்பட்டிருந்தது. வீட்டில் எர்த் குழி இருக்கிறது, கொல்லையில். வயரை மாட்டிய பிறகு ஃபேஸ் எர்த் 226, நியூட்ரல் எர்த் 2. சுருக்கு சுத்தமாக நின்றுவிட்டது. அம்மா இனிமேல்தான் அந்த அறையைப் பெருக்குவேன் என்கிறார்.

கோர்சைக்ளரில் கோர் 2 மைனஸ் 10இலும் ஒருமுறை தவறியது. மைனஸ் 6இல் நிற்கிறது. கோர் 4 மைனஸ் 15, மற்றவை மைனஸ் 20. பூஸ்ட் 100 கூட்டியிருக்கிறேன், பிபிடி 90 வாட். ஏற்காட்டு அக்கா சொன்னது சரி, கோர் 2இல்தான் நட்சத்திரம் இருக்கிறது. ஸ்கோர் பழைய மைனஸ் 30 நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. டபிள்யூஎச்இஏ வரி ஒன்றுகூட இல்லை.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. வெறும் 41, டபிள்யூஎச்இஏ இல்லாமல், காலையில் இன்றும் ஒன்று வந்தது.

#17 · ஓய்வு_வயர்மேன்

2 வோல்ட் என்றால் நல்ல எர்த். கோடையில் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், மண் காய்ந்தால் அளவு ஏறிவிடும்.

காலையில் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பக்கத்துத் தறி ஸ்டார்ட் ஆகிற நேரமா? மோட்டார் எடுக்கும்போது நொடி நேரம் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பல தறி ஒரே சமயத்தில் எடுத்தால் அந்த லைனில் வோல்டேஜ் குழிந்து எழும். டியூப்லைட் கண் சிமிட்டும், கவனித்திருப்பீர்கள்.

#18 · அம்மாபேட்டை_தறி

ஆமாம் ஐயா. தறி ஆரம்பிக்கிற நேரமும் லாகில் இருக்கிற நேரமும் ஒன்றாகத்தான் வருகின்றன. லைட்டும் சிமிட்டுகிறது. வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறது, அதில் கொடுத்தால் போதுமா?

#19 · சேவாப்பேட்டை_சால்டர்

போதாது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் முழு லோடில் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும், அதாவது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு சுற்றுக்கும் குறைவு. வீட்டு இன்வர்ட்டர் சாதாரண மோடில் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். சிலவற்றில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்.

தனி யூபிஎஸ் வாங்குவதாக இருந்தால் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கிற கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) என்று இருந்தால் சதுர அலை கொடுக்கிற மலிவு யூபிஎஸ் வேண்டாம். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுகிற அந்த நொடியில் சில எஸ்எம்பிஎஸ்கள் அந்த அலையை ஏற்காமல் அணைந்துவிடும், எதற்காக வாங்கினோமோ அது நடக்காது. சைன் வேவ் என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் மட்டும் அதில் இருக்கட்டும், பிரிண்டரை வெளியே கொடுங்கள். வாங்கும்போது பேட்டரியின் தயாரிப்பு மாதத்தையும் பார்த்து எடுங்கள், கடையில் ஒரு வருஷம் கிடந்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள்.